ஹாட்யாய் எண்ணெயும் என் மூக்கும்

17 டிசம்பர் 2023, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். என் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் பின்னாளில் திண்டாடக் கூடாது.

நான் தனகோடி. மலேசியாவின் வடகோடியில், ஜித்ராவில் வீடு. அங்கிருந்து அரைமணி நேரத்தில் தாய்லாந்து எல்லை. அந்த எல்லைச் சுங்கச் சாவடியில் முப்பத்தொரு ஆண்டு நின்றவன். என் மூக்குக்கு இரண்டு நாடுகள் பயந்தன. நாற்பது மூட்டை வெங்காயத்துக்கு அடியில் இருந்த பட்டாசை, ஓட்டுநர் கண்ணாடியை இறக்கும் முன்பே சொன்ன மூக்கு இது. சாவடியின் மோப்ப நாய் என்னைப் பார்த்த முதல் வாரத்திலேயே பதவி விலகல் கடிதம் கொடுத்ததாகப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான் என்றாலும் நாய் மறுக்கவில்லை.

இன்று எங்கள் வட்டாரத் தமிழர் மன்றத்தில் கூட்டம். பொங்கலை ஒட்டி ஜனவரி 19, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பட்டிமன்றம். கணவனா மனைவியா, காசா பாசமா என்று அரைத்த மாவையே அரைக்காமல் இந்த ஆண்டு உருப்படியான தலைப்பு: ‘போதைப்பொருளை அனுமதிப்பதா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தந்த நாடா, உலக நாடுகள் கூடிய சபையா?’

காரணம் எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சாவைப் பலகை மாட்டி, விளக்குப் போட்டு விற்கிறார்கள். இந்தப் பக்கம் கையில் இருந்தால் சிறை, அளவு கூடினால் கயிறு. நடுவில் ஒரு வேலி. அந்த வேலியின் மனித வடிவம் நான். ஆகவே ‘அந்தந்த நாடே’ அணிக்குத் தலைவன் நான் என்று கூட்டம் ஒருமனதாக ஏற்றது. நான் கேட்டுக்கொண்டதன் பேரில்.

உலக சபை அணிக்கு யார் தலைவர் என்று கேட்டார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. தங்கக் கடிகாரம் கட்டிய கை. ஜெகநாதன்.

கைதட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட நீளமாக. நான் எண்ணவில்லை. ஏறக்குறைய பதினொரு விநாடி.

19 டிசம்பர், செவ்வாய்

ஜெகநாதன் யார் என்று வரலாற்றாசிரியர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். என் சகலப்பாடி. என் மனைவி தவமணியின் தங்கை குணமணியைக் கட்டியவன். வேன் வைத்திருக்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழனன்று பதினான்கு பேரைத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்கு ஏற்றிப்போய் வெள்ளி மதியம் எல்லையைத் தாண்டித் திரும்புவான். அறுபத்திரண்டு வயதில் ஒரு மயிரும் நரைக்கவில்லை. நரைக்க அவன் விடுவதில்லை.

24 டிசம்பர், ஞாயிறு

ஜெகநாதன் வந்தான். ஹாட்யாய்ச் சாமான்கள் மேசையை மூடிவிட்டன. தவமணிக்குப் பொமெலோப் பழம், உலர்ந்த மாம்பழம், பஞ்சுபோன்ற செருப்பு. கூடவே சிறிய பழுப்புக் குப்பி, மூடியில் சொட்டு விடும் ரப்பர்.

“என்னப்பா இது” என்றேன்.

“மூலிகைத் தைலம், அண்ணே. அக்கா காலுக்கு.”

தவமணியின் காலைப் பற்றியும் எழுத வேண்டும். அவளுக்கு மார்பில் கட்டி வந்து, அறுத்து, மருந்து ஏற்றி, எல்லாம் போன பிப்ரவரியில் முடிந்துவிட்டது. டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மருந்து போகிற போக்கில் கால் நரம்பைக் கெடுத்துவிட்டுப் போயிற்று. பாதத்தில் நெருப்பெறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். மருத்துவமனை மாத்திரையைப் போட்டால் தலை சுற்றுகிறது, போடாவிட்டால் பாதம் எரிகிறது. இப்போது இரண்டு மூன்று மாதமாகக் கொஞ்சம் தேவலை. என் கவனிப்புதான் காரணம்.

எனக்கு என்ன கொண்டுவந்தான் தெரியுமா? மூக்கில் வைத்து உறிஞ்சுகிற பச்சைக் குப்பி. மாபெரும் மூக்குக்கு தாய்லாந்துக் காசில் நாற்பது பாட் பெறாத காணிக்கை. உறிஞ்சிப் பார்த்து, “சரக்கு பழசு, காரமே இல்லை” என்று தீர்ப்பு வழங்கினேன். உறிஞ்சிய வேகத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது வேறு விஷயம். ஜெகநாதன் தவமணியைப் பார்த்தான். அவள் பொமெலோவைப் பார்த்தாள்.

அவன் சொன்ன ஏதோ கதைக்கு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலிக்கு எதிரில், அவன் வாங்கிக்கொண்டு போனான்.

28 டிசம்பர், வியாழன்

அடுப்படி மேசையில் உட்கார்ந்து பட்டிமன்ற உரையைப் பழகினேன். அபாரம். “என் வீட்டு அடுப்படிக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை நான் முடிவு செய்வேனா, ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கிற கனவான் முடிவு செய்வாரா?” என்று மேசையில் குத்தும் இடத்தில் மண்டபம் இடிந்து விழும்.

தவமணி கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். கோழிக் குருமா கரியாகி இருந்தது. என் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளித்தான் அடுப்பு. கண் எரிந்தது, அதைப் பேச்சின் உணர்ச்சி என்று நினைத்தேன். இப்போதெல்லாம் கோழியே சரியில்லை என்று சொன்னேன். கோப்பித்தூளும் அப்படித்தான், கொள்ளைநோய்க் காலத்திலிருந்து இந்த நாட்டில் நல்ல கோப்பித்தூளே வருவதில்லை.

அவள் சட்டியை ஊறப்போட்டாள்.

1 ஜனவரி 2024

ஜெகநாதன் படத்துடன் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினான். பதில் போடவில்லை. படத்தை இரண்டு முறை பார்த்தேன். அந்தச் சட்டை எங்கே வாங்கினான் என்று தெரியவில்லை.

5 ஜனவரி, வெள்ளி

இரண்டு அணிகளும் எங்கள் வீட்டில் கூடி ஒத்திகை. நான் இருபது நிமிடம் பேசினேன். அபினி வணிகத்துக்காகச் சீனாவின்மீது பிரிட்டிஷ்காரன் கப்பல் விட்டதில் தொடங்கி, ஒரு நாட்டின் வாசலை அடுத்தவன் திறந்தால் என்ன ஆகும் என்று மூன்று கண்டங்களைச் சுற்றி வந்தேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். உணர்ச்சிப் பெருக்கில் வாய் பிளந்திருக்கலாம்.

ஜெகநாதன் ஆறே நிமிடம். மேசையைக் குத்தவில்லை. குரலை உயர்த்தவில்லை.

“நான் மாசத்துல நாலு தடவ அந்தக் கோட்டத் தாண்டுறேன். அங்க டாக்டரு எழுதிக் குடுக்கிறது, இங்க ஆளத் தூக்குல போடுது. ரெண்டுக்கும் நடுவுல இருநூறு மீட்டர் தார் ரோடு. அந்த இருநூறு மீட்டர்ல செடி மாறல, மனுசன் மாறல. நோவு பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டா வருது? நோவு உலகத்துக்கே பொது. அப்ப முடிவும் எல்லாரும் உக்காந்து பேசி எடுக்கணும். ஆளுக்கொரு சட்டம் போட்டா, பாவப்பட்டவன் நடு ரோட்டுல நிப்பான்.”

கைதட்டல். முதலில் தட்டியது தவமணி.

எதிரணிக்கு என் மனைவி. இதைப் பிற்காலத்தவர் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

பிறகு அவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். ஜெகநாதன், “அக்கா, சுவத்தப் பிடிக்காம நடக்கிறீங்களே” என்றான். எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். நானும்தான். எத்தனை நாளாக அப்படி நடக்கிறாள் என்று அவள் சொல்ல, அவன் தலையாட்டினான். என் வீட்டில் என் மனைவி நடப்பதை, வேன் ஓட்டுகிறவன் வந்து எனக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

8 ஜனவரி, திங்கள்

இன்று நாட்டுக்கு ஒரு சேவை செய்தேன்.

19ஆம் தேதி வெள்ளி மதியம்தான் ஜெகநாதனின் வேன் திரும்புகிறது. ஒரு மணிக்கு எல்லை, மூன்று மணிக்கு வீடு, நான்கு மணிக்கு மேடை. இடையில் வேனை ஓரங்கட்டி, இருக்கைகளைக் கழற்றி, சாவகாசமாகத் தேடினால் அவன் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவான். உலக சபை தலையில்லாமல் தவிக்கும். அவ்வளவுதான். அவனிடம் ஒரு குண்டூசியும் அகப்படாது என்று எனக்குத் தெரியும். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

ஆகவே என் பழைய சாவடிக்கு ஒரு மொட்டைக் கடிதம். மலாயில், இடது கையால் எழுதினேன். சீனப் புத்தாண்டுக்குப் பட்டாசு கடத்தப்படுவதாக ஐயம் என்று வேன் எண், தேதி, நேரம் எல்லாம். பெயர் இல்லை. ‘நாட்டை நேசிக்கும் ஒருவன்’ என்று முடித்தேன். சர்வீஸில் ஆயிரம் மொட்டைக் கடிதம் படித்தவன் நான். இவ்வளவு ஒழுங்கான ஒன்றைக் கண்டதில்லை. பொருள் தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு, மேலே கோப்பு எண், கீழே பிரதிகள் யார் யாருக்கு என்ற பட்டியல்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் குளிர்ச்சியாக ஒரு செண்டோல் குடித்தேன்.

13 ஜனவரி, சனி

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மகத்தான செயலைச் செய்தவனுக்கு ஒரு ரசிகராவது வேண்டாமா?

தவமணி மேசையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். “வர்ற வெள்ளிக்கிழமை உன் தங்கச்சி புருஷன் மேடைக்கு வரமாட்டான் பாரு” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு எண் வரைக்கும்.

அவள் விரல் நின்றது.

“வேனச் சோதன போடச் சொல்லியா எழுதினீங்க?”

“சும்மா ஒரு நாலு மணி நேரம்.”

“அதுல எனக்கு எண்ணெய் வருதுங்க.”

தைலம்தானே, தைலத்துக்கு யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சாவடியில் பொய் சொல்லி அலுத்துப்போனவர்கள் கடைசியில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“தைலமில்ல. கஞ்சா எண்ணெய். அங்க ஒரு டாக்டர்ட்ட என் ரிப்போர்ட்டக் காட்டி ஜெகா வாங்குது. செப்டம்பர்லருந்து நாக்குக்கடியில காலையில மூணு, ராத்திரி மூணு சொட்டு. அதனாலதான் நடக்கிறேன்.”

நான் எழுந்து நின்றேன். எதற்கு என்று தெரியவில்லை. என் வீட்டில், என் கூரைக்கடியில், முப்பத்தொரு ஆண்டு மூக்கு இருக்கும்போதே, என்று ஆரம்பித்தேன்.

“உங்க மூக்கு செத்து ரெண்டு வருசமாச்சு” என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். “கோவிட்டோட போச்சு. கருகினது தெரியாது, கெட்டுப்போன பால் தெரியாது. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அந்தத் தைரியத்துலதான் அலமாரியில வச்சேன்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?”

நெத்திலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் ஜெகநாதனைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள், நான் கேட்கட்டும் என்று. நடந்ததைச் சொன்னாள். கடிதம் எழுதியது யார் என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

“சரிக்கா. இந்தத் தடவ வேணாம். இனி வேனே அவுங்க கண்ணுல இருக்கும்” என்றான். அப்புறம், “குப்பியில எத்தன நாளைக்கு இருக்கு?”

அதை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

14 ஜனவரி, ஞாயிறு

மூன்று நாளைக்கு இருக்கிறதாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேரத்துக்கு ஒரு சொட்டைக் குறைத்தால் ஒன்றிரண்டு நாள் கூட வரும்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல் பொங்கியது. மணமாக இருக்கிறது என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

16 ஜனவரி, செவ்வாய்

கடிதத்தை வாபஸ் வாங்கச் சாவடிக்குப் போனேன். அங்கே இப்போது ரோஸ்லி பெரிய அதிகாரி. என்னிடம் வேலை பழகியவன், இன்னும் மரியாதையாக ‘துவான்’ என்றுதான் கூப்பிடுவான். ‘அது பொய்க் கடிதம், எழுதியது நான்’ என்று சொன்னால் போதும். எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் ஜெகநாதன் வேனின் மேல் விழுந்த கண் விலகும்.

அவன் அறைக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு படம் இருக்கிறது. 1998. நானும் வெங்காய லாரியும். யாரோ அதைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

எதிர்க் கடையில் தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பினேன். தேநீர் சுமார்.

17 ஜனவரி, புதன்

மறுபடியும் போனேன். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று இடம் இருந்தது, எல்லாம் வெயிலில்.

18 ஜனவரி, வியாழன்

குப்பி காலி. சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

19 ஜனவரி, வெள்ளி

வென்றேன்.

உலக சபையின் தலைவர் மேடையில் இல்லை. வேனைச் சாவடியில் ஓரங்கட்டியிருக்கிறார்களாம், செய்தி வந்தது. அவன் அணியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் எழுந்து நான்கு வாக்கியம் பேசி உட்கார்ந்தார். பிறகு நான். சீனாவுக்குக் கப்பல் விட்டேன், மூன்று கண்டம் சுற்றினேன். அடுப்படி வாக்கியம் வந்தது. என் வீட்டு அடுப்படிக்குள் எது வரலாம் என்பதை நான் முடிவு செய்வேனா என்று கேட்டுவிட்டு மேசையைக் குத்தக் கையை ஓங்கினேன். முன்வரிசையில் தவமணிக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. பாதத்தில் செருப்பு மாட்ட முடியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கையை மெதுவாக இறக்கி மேசைமேல் வைத்தேன். அதற்கே மண்டபம் கைதட்டியது. என்னமோ பெரிய நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நடுவர் சின்னையா வாத்தியார் ‘அந்தந்த நாடே’ என்று தீர்ப்பளித்துப் பொன்னாடை போர்த்தினார். வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டினேன். அவள் அதை மடித்துத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். மிருதுவாக இருக்கிறதாம். என் வாழ்நாள் பொன்னாடைகளில் உருப்படியாகப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

20 ஜனவரி, சனி

ஜெகநாதன் வந்தான். பொமெலோ இரண்டு. ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்களாம், பதினான்கு பயணிகளும் வெயிலில். ஒன்றும் அகப்படவில்லை.

“நல்லாத் தேடுனாங்க அண்ணே. இருக்கைக்கு அடியில ஊசி விழுந்திருந்தாலும் எடுத்திருப்பாங்க. நீங்க பழக்கின பிள்ளைங்கதானே.”

குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனசார மெச்சுகிறான். மனிதன் இப்படி இருந்தால் அடுத்தவன் எப்படிப் பிழைப்பது?

அவன் தரையில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைப் பார்த்தான். எங்கே எரிகிறது, எந்த விரல், எப்போது கூடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் நாற்காலியில் இருந்தேன். அவள் சொன்ன எல்லாமும் எனக்குப் புதுச் செய்தி.

மாலையில் ரோஸ்லி போன் செய்தான். என் வேண்டுகோளின்படி வேனைச் சோதித்தாகிவிட்டது, சுத்தமாக இருந்தது என்றான். எந்த வேண்டுகோள் என்று கேட்டேன். அவன் சிரித்தான். “துவான், இந்த நாட்டில் மொட்டைக் கடிதத்துக்குக் கோப்பு எண் போடுகிற மனிதர் நீங்கள் ஒருவர்தான்.”

28 ஜனவரி, ஞாயிறு

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாடும் இல்லை, உலகமும் இல்லை, நான் எடுத்தது. எண்ணெய் இங்கே வரக்கூடாது என்றால் நாங்கள் அங்கே போவோம். ஹாட்யாயில் ஒரு மாதத்துக்கு அறை. ஒளிவு மறைவில்லாமல் டாக்டரை நேரில் பார்ப்பது.

அவளிடம் சொன்னபோது பெரிய அறிவிப்பாகத்தான் சொன்னேன், கையை எல்லாம் வீசி. “சரி” என்றாள். பிறகு, “ஜெகா வேன்லதானே போகணும்?” என்றாள்.

வேறு வேன்களும் உலகத்தில் இருக்கின்றன என்றேன். அவற்றில் காலை நீட்ட முடியாதாம்.

2 பிப்ரவரி, வெள்ளி

ஜெகநாதன் இந்த வாரப் பயணிகளை விட்டுவிட்டு எங்களுக்காகவே தனியாக வேனை எடுத்தான். அவளை முன்னால் உட்கார வைத்துப் பாதத்துக்குத் தலையணை வைத்திருந்தான். நான் பின்னால், பொமெலோ மூட்டைக்குப் பக்கத்தில். இந்தப் பழம் இங்கிருந்து அங்கே ஏன் போகிறது என்று கேட்கவில்லை.

சாவடியில் வேனைப் பார்த்ததும் ஓர் இளம் அதிகாரி ஓரங்கட்டச் சொன்னார். அந்த எண் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது, இனி ஒவ்வொரு முறையும் இப்படித்தான். ஜெகநாதன் இறங்கிக் கதவுகளைத் திறந்தான். பழகிவிட்டான் போல.

நான் இறங்கி ரோஸ்லியின் அறைக்கு நடந்தேன். வெங்காய லாரிப் படத்தைப் பார்க்காமல் தாண்டினேன். அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். கடிதம் பொய், பட்டாசு பொய், வேன்காரர் என் சகலப்பாடி, நேர்மையாகப் பயணிகளை ஏற்றுகிறவர், அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரோஸ்லி ஒரு தாளை நகர்த்தினான். விதிப்படி எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் நான்.

“என்ன காரணம், துவான்?” என்றான் தாழ்ந்த குரலில்.

மலாயில் அதற்கு ஒரே சொல். செம்புரு. பொறாமை. வலது கையால், தெளிவாக எழுதினேன். அடியில் இரட்டைக் கோடு தானாக விழுந்துவிட்டது.

வேனுக்குத் திரும்பியபோது ஜெகநாதன், “என்னாண்ணே, முடிஞ்சுதா?” என்றான். முடிந்தது என்றேன். இருநூறு மீட்டர் தார் ரோட்டில் வேன் ஊர்ந்தது. அவன் சொன்னது சரிதான், இருபுறமும் ஒரே புல்.

4 பிப்ரவரி, ஞாயிறு. ஹாட்யாய்

டாக்டர் அம்மாள் நேற்றுப் பார்த்து அளவு எழுதிக் கொடுத்தார். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து எடுத்து, பையில் போட்டு, ரசீதும் தந்தார்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது ஒரு சொட்டும் எங்களோடு வரப்போவதில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதற்கு எந்த சபையிலும் தீர்ப்பு இல்லை. ஜித்ராவுக்குப் பக்கத்து அலோர் ஸ்டார் மருத்துவமனையில் வலிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம், அங்கே கேட்கலாம் என்று ஜெகநாதன் சொல்லிவிட்டுப் போனான். அதையும் அவன்தான் விசாரித்திருக்கிறான்.

காலையில் தவமணி கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் சொட்டு விட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. முப்பத்தொரு ஆண்டு எவ்வளவோ பிடித்திருக்கிறேன், கொடுத்தது இதுதான் முதல் தடவை.

மூடும் முன் குப்பியை மூக்கருகே கொண்டுபோனேன். வெகுநேரம் இழுத்துப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். இரண்டு ஆண்டில் முதன்முறையாகக் கேட்கிறேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மழைக்கு அப்புறம் புல்லு வெட்டுவாங்கல்ல, அதுமாதிரி. அடியில கொஞ்சம் எலுமிச்சந்தோலு. கொஞ்சம் கசப்பு.”

பத்து மணிக்குச் சுவரைப் பிடிக்காமல் சன்னலுக்கு நடந்து போனாள்.

மழை, புல், எலுமிச்சந்தோல், கசப்பு. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். செப்டம்பரிலிருந்து இந்த மணம் என் வீட்டில் இருந்திருக்கிறது. வந்து போகும்போதெல்லாம் ஜெகநாதன் அதை முகர்ந்திருக்கிறான்.

பொறாமையாக இருக்கிறது.